கையை எழுப்பும் சேனல்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் தளத்தைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். பென்சில் ஓவியம் பழகியதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த குறிப்பில், யூடியூப் சேனல்கள் பெரிய உதவியாக இருந்தன என்று ஒரு வரி வந்தது. எவை என்று சொல்லவில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு வரையவும் மரத்தில் சின்னச் சின்னப் பொருள்கள் செய்யவும் ஆசை. தினமும் இரவில் ஒன்றரை மணி நேரமாவது இந்த வீடியோக்களைப் பார்க்கிறேன். பிறகு பார்க்கலாம் என்று சேர்த்துவைத்த பட்டியல் முந்நூறைத் தாண்டிவிட்டது. ஆனால் இரண்டு வருடத்தில் வரைந்தது ஆறு பக்கம். மரத்தில் ஒன்றுமே செய்யவில்லை. பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. மறுநாள் பென்சிலை எடுத்தால் ஒன்றும் வருவதில்லை. தவறான சேனல்களைப் பார்க்கிறேனோ?

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளும் ஒன்று கேட்கச் சொன்னாள். கணக்கில் வரும் அணிகளை (மேட்ரிக்ஸ்) பெருக்கும்போது ஏன் நிரையை (கிடைவரிசை) நிரலோடு (நெடுவரிசை) பெருக்கிக் கூட்ட வேண்டும்? விதி அப்படி என்றுதான் அவளுக்குப் பதில் கிடைத்ததாம். இதை விளக்கும் சேனல் ஏதாவது உண்டா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

சேனல்களுக்குப் போவதற்கு முன் உங்கள் கடிதத்தின் ஒரு வரியைத் தொட்டுவிட்டுப் போகிறேன். ‘பார்க்கும்போது எல்லாம் புரிகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். வெரிட்டாசியம் என்ற அறிவியல் சேனலை 2011-இல் தொடங்கியவர் டெரெக் முல்லர். அதற்கு முன் சிட்னி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக அவர் ஆராய்ந்தது ஏறக்குறைய இதைத்தான். இயற்பியல் வீடியோக்களை மாணவர்களுக்குப் போட்டுக்காட்டி, முன்னும் பின்னும் தேர்வு வைத்தார். நேராக, தெளிவாக விளக்கும் வீடியோவைப் பார்த்தவர்கள் நன்றாகப் புரிந்தது என்றார்கள். தங்கள் விடைகள் மீது அவர்களுக்கு நம்பிக்கையும் கூடியிருந்தது. மதிப்பெண் மட்டும் அநேகமாக நகரவில்லை. இன்னொரு வகை வீடியோவில், மாணவர்களிடம் வழக்கமாக இருக்கும் தவறான எண்ணத்தை ஒருவர் வாய்விட்டுச் சொல்வார், அது எங்கே பிசகுகிறது என்று இன்னொருவர் அவரோடு பேசிப் பிடிப்பார். அதைப் பார்த்தவர்கள் குழப்பமாக இருந்தது என்றார்கள். மதிப்பெண் ஏறியது அவர்களுக்குத்தான். தெளிவான வீடியோ ஓடும்போது, நமக்குத் தெரிந்ததைத்தானே சொல்கிறார் என்று மனம் எண்ணிக்கொண்டு உன்னிப்பை விட்டுவிடுகிறது என்பது அவருடைய விளக்கம்.

எனக்கும் ஓவியத்தில் இதுதான் நடந்தது. ஒரு வருடம் விடாமல் பார்த்தேன். நிழல் எப்படி விழும், கண்ணில் வெளிச்சப் புள்ளியை எங்கே விட வேண்டும், எல்லாம் வாயால் சொல்வேன். ஒருநாள் என் இடது கையை மேஜைமேல் வைத்து வரைய உட்கார்ந்தபோது, கட்டைவிரல் எங்கிருந்து கிளம்புகிறது என்பதே பிடிபடவில்லை. அன்று மிகவும் வருத்தமாக இருந்தது. அதன் பிறகு ஒரே ஒரு கேள்வியை வைத்துச் சேனல்களைக் கழித்தேன்: இந்த வீடியோ முடிந்ததும் நான் எழுந்துபோய் எதையாவது கையில் எடுக்கிறேனா, இல்லை, அடுத்த வீடியோவைத் தொடுகிறேனா? பத்துப் பன்னிரண்டுதான் தேறின. உங்கள் முந்நூறு வீடியோக்களையும் அப்படியே அழித்துவிட்டால்கூட நஷ்டமில்லை என்பது என் எண்ணம்.

வரைவதற்கு முதலில் புரோகோ. ஸ்டான் புரோகோபென்கோ நடத்துவது. மனித உருவத்தை வரையக் கற்றுத்தரும் அவர், கண்ணிலோ மூக்கிலோ தொடங்குவதில்லை. உடல் எந்தப் பக்கம் சாய்கிறது, எங்கே இழுபடுகிறது என்ற போக்கை ஏழெட்டுக் கோடுகளில், அதுவும் அரை நிமிடத்தில் பிடிக்கச் சொல்கிறார். அப்புறம் நெஞ்சுக்கூடு ஓர் உருண்டை, இடுப்பு ஓர் உருண்டை என்று வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவே உடல் வளைவதையும் முறுக்கிக்கொள்வதையும் வரையும் பயிற்சி. இதைச் செய்த முதல் வாரமே என் படங்களில் விறைப்பு குறைந்தது. மற்றவர்கள் வரைந்த படங்களை எடுத்து அவர் திருத்திக்காட்டும் வீடியோக்களைத் தவறவிடாதீர்கள். என் தப்பு என்னவென்றே எனக்குத் தெரியாமல் இருந்தது. அதே தப்பை இன்னொருவர் தாளில் பார்த்ததும் சட்டென்று பிடிபட்டது. முல்லர் சொன்னதுதான் இங்கேயும் நடக்கிறது.

பாப் ராஸை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். 1983 முதல் 1994 வரை தொலைக்காட்சியில் வந்த அவருடைய 403 நிகழ்ச்சிகள் இப்போது அவர் பெயரிலுள்ள சேனலில் இருக்கின்றன. அவர் குரலைக் கேட்டாலே மனம் அமைதியாகிவிடும். காயாத ஈர வண்ணத்தின் மேலேயே அடுத்த வண்ணத்தைப் பூசிக்கொண்டு போய், அரை மணி நேரத்துக்குள் ஒரு மலையும் ஏரியும் எழுந்துவிடும். இதைப் பார்த்துத் தன் கை மெதுவாக இருக்கிறதே என்று சோர்ந்துபோகிறவர்களிடம் நான் ஒன்று சொல்வேன். ஒவ்வொரு ஓவியத்தையும் அவர் மூன்று முறை வரைந்தார். ஒன்று நிகழ்ச்சிக்கு முன்பே, பார்த்து வரைவதற்காக. இரண்டாவது கேமரா முன்னால். மூன்றாவது, பிறகு நிதானமாக, புத்தகத்துக்காக. நாம் பார்ப்பது இரண்டாவது தடவையை. நாம் உட்கார்ந்து வரைவது முதல் தடவை. சோர்வே வேண்டாம்.

மரவேலைக்குப் பால் செல்லர்ஸ். இவர் ஒருவரே போதும் என்பேன். சிறுவனாக இருந்தபோதே பட்டறையில் சேர்ந்து தொழில் பழகிய இங்கிலாந்துக்காரர். கைக்கருவிகளை வைத்தே எல்லாவற்றையும் செய்கிறார். உளி, இழைப்புளி, ரம்பம், சுத்தியல், ஒரு கத்தி. பெரிய இயந்திரங்கள் நிறைந்த பட்டறையைக் காட்டும் சேனல்கள் கருவி வாங்கும் ஆசையைத்தான் கிளப்பும். இவருடையது மரத்தைத் தொடும் ஆசையைக் கிளப்புகிறது. இவரிடம் நான் கற்ற முதல் விஷயம், வெட்ட வேண்டிய கோட்டைப் பென்சிலால் போடாமல் கத்தியால் கீறுவது. கீறிய கோட்டை ஒட்டி, கழிக்கப்போகும் பக்கத்திலிருந்து உளியால் ஒரு சீவல் எடுத்தால் சின்னச் சுவர்போல ஒரு விளிம்பு நிற்கும். ரம்பத்தை அந்தச் சுவரில் சாய்த்து இழுத்தால் கோடு விலகாது, மரமும் பிய்யாது. இந்த ஒன்றைத் தெரிந்துகொள்வதற்கு முன் எத்தனை கட்டைகளை வீணாக்கியிருக்கிறேன்! சில பொருத்துகளை ஒழுங்காகப் பழகினாலே பெரும்பாலான சாமான்களைச் செய்துவிடலாம் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்வார். ஒரு கட்டையில் குழி வெட்டி இன்னொன்றின் முனையை அதில் செருகும் பொருத்தை மட்டும் ஒரு மாதம் செய்து பாருங்கள். வேறு வீடியோ வேண்டாம்.

உலோகத்தில் உங்களுக்கு ஆசை இல்லாவிட்டாலும் க்ளிக்ஸ்பிரிங்கை நான் சொல்லாமல் இருக்க முடியாது. கிரேக்கத் தீவான ஆன்டிகிதெராவுக்கு அருகே மூழ்கிய கப்பலிலிருந்து 1901-இல் எடுக்கப்பட்டது, பல்சக்கரங்களால் சூரியனையும் சந்திரனையும் கணித்த ஒரு பழங்காலக் கருவி. வயது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல். கிறிஸ் என்ற ஆஸ்திரேலியர் அதைப் பித்தளையில் மறுபடி செய்கிறார். அந்தக் காலத்தில் பற்களை எப்படி வெட்டியிருப்பார்கள், அரத்தையே எப்படிச் செய்திருப்பார்கள் என்று ஒவ்வொன்றையும் தானே செய்து பார்க்கிறார். அப்படிச் செய்துகொண்டிருந்தபோது அந்தக் கருவியின் நாட்காட்டி வளையத்தில் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. அதில் 365 ஓட்டைகள் இருந்திருக்கும் என்றே அதுவரை கருதி வந்தார்கள். கிடைத்திருக்கும் துண்டை அளந்து கணக்கிட்டு, 354 ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம், எனவே அது சந்திர ஆண்டு நாட்காட்டி என்று அவரும் நண்பர்களும் 2020-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கையால் செய்து பார்த்த ஒருவருக்கு வந்த சந்தேகம் அது. நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

பிரிமிட்டிவ் டெக்னாலஜி 2015-இலிருந்து வருகிறது. ஜான் பிளான்ட் என்பவர் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் காட்டில் வெறும் கையோடு போய்க் குடிசை கட்டுகிறார், ஓடு சுடுகிறார், இரும்பு உருக்குகிறார். ஒரு வார்த்தை பேசுவதில்லை. சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள், விளக்கம் முழுக்க அதில்தான் இருக்கிறது. இதைப் பார்த்துப் புற்றீசலாகக் கிளம்பிய சேனல்கள் பலவற்றில் காட்சிக்கு வெளியே இயந்திரம் நின்று தோண்டுகிறது. அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

கிதாருக்கு ஜஸ்டின் கிட்டார் நல்லது. ஒரு நிமிடத்தில் இரண்டு கார்டுகளுக்கு (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் விரல் பிடிப்புகள்) இடையே எத்தனை முறை விரல் மாற்ற முடிகிறது என்று எண்ணி எழுதிவைக்கும் அவருடைய பயிற்சியை ஓவியத்துக்கும் நான் மாற்றி வைத்துக்கொண்டேன். பறவைகளுக்கு, கார்னெல் பல்கலைக்கழகப் பறவை ஆய்வகம் கூடுகளிலிருந்து நேரலையாகக் காட்டும் சேனல்.

சுடோகு பிடிக்குமானால் கிராக்கிங் த கிரிப்டிக். 2020 மே மாதம், 81 கட்டங்களில் இரண்டே எண்கள் கொடுக்கப்பட்ட ஒரு புதிரை சைமன் ஆன்டனி அதில் அவிழ்க்கிறார். யாரோ கேலிக்குக் கொடுத்தது என்றே முதலில் நினைக்கிறார். விதிகளைப் படித்து, மெல்ல ஒரு கட்டம், இன்னொரு கட்டம் என்று விழ விழ அவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய 25 நிமிடம், யோசிக்கும் ஒரு மனிதரின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும்.

மறுநாள் கை வரவில்லையே என்ற உங்கள் வருத்தத்துக்கு, ஸ்மார்ட்டர் எவ்ரிடே சேனலில் 2015-இல் வந்த சைக்கிள் வீடியோவைப் பாருங்கள். கைப்பிடியை இடப்பக்கம் திருப்பினால் சக்கரம் வலப்பக்கம் திரும்பும்படி மாற்றிய சைக்கிள். டெஸ்டின் சாண்ட்லின் பொறியாளர். அது எப்படி இயங்குகிறது என்று முழுக்கத் தெரிந்தவர். தினமும் ஐந்து நிமிடம் பழகி, அதை ஓட்ட அவருக்கு எட்டு மாதம் ஆனது. அவருடைய சின்ன மகனுக்கு இரண்டு வாரம். தெரிந்திருப்பது வேறு, வருவது வேறு என்று இவ்வளவு கண்கூடாகக் காட்டிய வீடியோவை நான் பார்த்ததில்லை.

புதிய சேனல்களை எப்படித் தேர்ந்தெடுப்பது? பிடிக்கவில்லை என்ற எண்ணிக்கையை யூடியூப் 2021 நவம்பரில் மறைத்ததிலிருந்து, சொல்லித்தரும் வீடியோக்களில் எது பிசகு என்று கண்டுபிடிப்பது கஷ்டமாகிவிட்டது. நான் பார்ப்பது இரண்டுதான்: கை முழு நேரமும் காட்சிக்குள் இருக்கிறதா, தப்பு நேர்ந்ததைக் காட்டுகிறாரா. பிறகு, பென்சில் கையில் இருக்கும்போது மட்டும் பாருங்கள். கணினியில் வீடியோவை நிறுத்திவிட்டு, காற்புள்ளிப் பொத்தானையும் முற்றுப்புள்ளிப் பொத்தானையும் அழுத்தினால் ஒவ்வொரு சட்டகமாக (ஃபிரேம்) பின்னும் முன்னும் நகரும். உளியின் சாய்வைப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

சரி, உங்கள் மகளுக்கு. த்ரீ ப்ளூ ஒன் பிரவுன் சேனலில் கிராண்ட் சாண்டர்சன் 2016-இல் வெளியிட்ட நேரியல் இயற்கணிதத் தொடரில் மூன்றாவது, நான்காவது வீடியோக்கள். (அவருடைய வலது கண்ணில் முக்கால் நீலம், கால் பழுப்பு; சேனலின் பெயர் அதிலிருந்து வந்தது.) ஓர் அணியை எண்களின் பெட்டியாகப் பார்க்காமல் தளத்தை நகர்த்தும் ஒரு செயலாகப் பார்க்கச் சொல்கிறார். ஓர் அணி தளத்தைச் சுழற்றும், இன்னொன்று சாய்க்கும். முதலில் ஒன்றைச் செய்து, அதன்மேல் மற்றதைச் செய்தால் மொத்தமாக என்ன ஆகிறதோ அதுதான் பெருக்கல். அடிப்படைத் திசையன்கள் (கிடையாக ஒன்று, செங்குத்தாக ஒன்று என ஓரலகு நீள அம்புகள்) இரண்டும் கடைசியில் எங்கே போய் விழுகின்றன என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், நிரையை நிரலோடு பெருக்கிக் கூட்டும் விதி தானாக வந்து நிற்கும். சுழற்றிவிட்டுச் சாய்ப்பதும் சாய்த்துவிட்டுச் சுழற்றுவதும் ஒன்றில்லை, அதனால்தான் வரிசையை மாற்றினால் விடையும் மாறுகிறது. நடுநடுவே நிறுத்தி யோசிக்கச் சொல்வார். அங்கெல்லாம் நிறுத்திவிட்டு, கட்டம் போட்ட தாளில் ஒரு சதுரத்தை வரைந்து, அதைத் தொண்ணூறு பாகை திருப்பிச் சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து வரையலாம்.

அன்புடன்