ஜிமேட் டேட்டா சஃபிஷியன்சி கணக்கில் ‘சி’ போட்டால் ஏன் தப்பாகிறது?

பாளையங்கோட்டையிலிருந்து எம்.பி.ஏ. போன்ற படிப்புகளில் சேர எழுதும் ஜிமேட் தேர்வுக்குப் படிக்கும் தம்பி, “இரண்டு கூற்றையும் சேர்த்தால் விடை வரும் என்று ‘சி’ போடுகிறேன், அடிக்கடி தப்பாகிறது, ஏன்?” என்று கேட்டிருக்கிறார்.

நல்ல கேள்வி. டேட்டா சஃபிஷியன்சியில் ஒரு கேள்வியும் இரண்டு கூற்றும் இருக்கும்; விடை சொல்ல அந்தத் தகவல் போதுமா என்பதைத்தான் சொல்ல வேண்டும். முதல் கூற்று மட்டுமே போதும் என்றால் ‘ஏ’, தனித்தனியே போதாமல் இரண்டும் சேர்ந்தால்தான் போதும் என்றால் ‘சி’, சேர்த்தாலும் போதாது என்றால் ‘ஈ’. தெரியாதவை இரண்டு, சமன்பாடும் இரண்டு என்று எண்ணிப் பார்த்து முடிவு செய்வதுதான் ‘சி’ தப்பாவதற்குக் காரணம்.

அல்வா கிலோ என்ன விலை? முதல் கூற்று: 2 கிலோ அல்வாவும் 1 கிலோ மிக்சரும் 900 ரூபாய். இரண்டாவது: அதே விலையில் 4 கிலோ அல்வாவும் 2 கிலோ மிக்சரும் 1,800 ரூபாய். கை உடனே ‘சி’க்குப் போகும். ஆனால் இரண்டாவது கூற்று முதலாவதன் இரட்டிப்புதான், புதிதாக எதுவும் சொல்லவில்லை. விடை ‘ஈ’.

இதற்கு நேர் எதிரும் உண்டு. பத்தமடைப் பாய் 300 ரூபாயிலும் 500 ரூபாயிலும் இருக்கிறது. ஒருவர் 500 ரூபாய்ப் பாய் எத்தனை வாங்கினார்? முதல் கூற்று: மொத்தம் 1,900 ரூபாய். இரண்டாவது: மொத்தம் 5 பாய். இங்கேயும் ‘சி’ போடத் தோன்றும். ஆனால் பாயைப் பாதியாக வாங்க முடியாதே! 0, 1, 2, 3 என்று வைத்துப் பாருங்கள், 2 மட்டுமே பொருந்தும். முதல் கூற்றே போதும். இரண்டாவது மட்டும் போதாது. ஆக, விடை ‘ஏ’. முழு எண்ணா, பின்னமும் வரலாமா என்பதை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

அப்புறம், இரண்டாம் கூற்று மட்டும் போதுமா என்று பார்க்கும்போது முதல் கூற்றை அடியோடு மறந்துவிட வேண்டும். ‘ஆமா, இல்லையா’ வகைக் கேள்வியில், உறுதியாக ‘இல்லை’ என்று வந்தாலும் தகவல் போதும் என்றே அர்த்தம்.