கரும்பொருளைத் தேடி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நம் பால்வீதி போன்ற விண்மீன் மண்டலங்களில் உள்ள ஹைட்ரஜன் வாயு 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் வெளியிடும் ரேடியோ அலைகளைக் கொண்டு அவற்றின் சுழற்சியைக் கணக்கிடுவது பல ஆண்டுகளாக என் வேலை. அந்தக் கணக்கு ஒவ்வொரு முறையும், ஒளி தராமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் கரும்பொருளில்தான் வந்து நிற்கிறது. கேள்வி அனுப்பிய அனைவருக்கும் நன்றி. ஒரே பொருள் பற்றி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவி ஒருவர்): கண்ணுக்கும் கருவிக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள், ஐயா?

வேகத்தை வைத்துத்தான் சொல்கிறோம். சூரியனுக்கு மிக அருகில் உள்ள புதன் விநாடிக்கு 47 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது; தொலைவில் உள்ள நெப்டியூனுக்கு 5.4 கிலோமீட்டரே போதுமானதாக இருக்கிறது. நிறை முழுவதும் நடுவில் குவிந்திருந்தால், தொலைவு கூடக் கூட வேகம் இப்படிக் குறைந்தாக வேண்டும். சுருள் விண்மீன் மண்டலங்களிலும் ஒளி பெரும்பாலும் நடுப்பகுதியில்தான் குவிந்திருக்கிறது என்பதால், விளிம்பில் உள்ளவை மெதுவாகச் சுற்றும் என்றே எதிர்பார்த்தார்கள். ஆனால் வானியலாளர்கள் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடா மண்டலத்தின் நிறமாலைகளை ஆராய்ந்து 1970இல் வெளியிட்ட முடிவுகளில் வேகம் அப்படிக் குறையவில்லை. பின்னர் ரேடியோ தொலைநோக்கிகள், விண்மீன்கள் ஏறக்குறைய முடிந்துவிட்ட எல்லைக்கும் அப்பால், ஹைட்ரஜன் வாயு மட்டும் மெலிதாகப் பரவிக் கிடக்கும் பகுதிவரை அளந்தபோது, அங்கும் வேகம் ஏறத்தாழ ஒரே அளவில் நீடித்தது. அவ்வளவு வேகமாக ஓடும் வாயுவைச் சிதறவிடாமல் பிடித்து வைக்க, நமக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு போதாது.

இதற்கு வெகுகாலம் முன்பே, 1933இல், வானியலாளர் ஃபிரிட்ஸ் சுவிக்கி, பல விண்மீன் மண்டலங்கள் ஈர்ப்பால் சேர்ந்திருக்கும் கோமா என்னும் மண்டலக் கொத்தில் இதே முரண்பாட்டைக் கண்டார். அங்குள்ள மண்டலங்கள் ஒன்றோடொன்று ஒப்பிடுகையில் விநாடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவிலான வேகங்களில் அலைகின்றன; ஒளியைக் கொண்டு மதிப்பிட்ட நிறை மட்டுமே இருந்தால் அந்தக் கொத்து என்றோ கலைந்து போயிருக்கும். தொலைவுகள் பற்றி அன்று இருந்த கணிப்பு தவறானது என்பதால் தேவையான நிறைக்கும் காணும் நிறைக்கும் இடையே சுவிக்கி சொன்ன விகிதம் மிகையாக அமைந்துவிட்டது. ஆனால் அவர் கண்ட பற்றாக்குறை உண்மையானது. அதைப் பல ஆண்டுகள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தமளிக்கும் செய்தி.

கேள்வி: அது ஒளி குன்றிய விண்மீன்களாகவோ, குளிர்ந்த வாயுவாகவோ, கருந்துளைகளாகவோ ஏன் இருக்கக் கூடாது?

மிகவும் நியாயமான ஐயம். முதலில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். நம் மண்டலத்தைச் சூழ்ந்து இருண்ட, அடர்ந்த பொருட்கள் ஏராளமாக இருந்தால், அவற்றுள் ஒன்று தொலைவிலுள்ள விண்மீனுக்கும் நமக்கும் இடையே கடக்கும்போது, அதன் ஈர்ப்பு வில்லைபோலச் செயல்பட்டு அந்த விண்மீன் சில நாட்களோ வாரங்களோ பிரகாசமாகத் தெரிய வேண்டும். 1990களில் மாக்கோ, ஈரோஸ் என்ற இரண்டு குழுக்கள் நம் அண்டை விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தின் லட்சக்கணக்கான விண்மீன்களை ஆண்டுக்கணக்கில் கண்காணித்தன. அத்தகைய நிகழ்வுகள், தேவைப்படும் நிறையை ஈடுகட்டும் அளவுக்கு நிகழவில்லை.

வாயு என்ற விடையை மறுப்பது அண்ட நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு. பேரண்டத்தின் இளமைக் காலத்திலிருந்து வரும் அந்த ஒளியில் உள்ள நுண்ணிய ஏற்றத்தாழ்வுகளை பிளாங்க் செயற்கைக்கோள் அளந்தது. அதன்படி, அணுக்களால் ஆன பொருள் பேரண்டத்தின் மொத்த ஆற்றல் இருப்பில் ஏறத்தாழ 5 விழுக்காடு மட்டுமே; கரும்பொருள் சுமார் 27 விழுக்காடு. ஆகவே நாம் தேடுவது அணுக்களால் ஆன எதுவும் அல்ல. பேரண்டத்தின் தொடக்கத்திலேயே உருவான கருந்துளைகளாக இருக்கலாம் என்ற கருத்து மட்டும், சில நிறை வரம்புகளில், இன்னும் மூடப்படாமல் இருக்கிறது.

கேள்வி: கரும்பொருளும் கரும் ஆற்றலும் ஒன்றா?

இல்லை. கரும்பொருள் ஈர்த்துச் சேர்க்கிறது. கரும் ஆற்றல் என்பது பேரண்டத்தின் விரிவை வேகப்படுத்தும் ஏதோ ஒன்றுக்கு நாம் வைத்த பெயர். இரண்டிலும் ‘கரும்’ என்று வருவது நம் அறியாமையைக் குறிக்கும் அடைமொழி மட்டுமே.

கேள்வி (ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர்): தவறு ஈர்ப்பு விதியில் இருக்கலாம் அல்லவா? காணாத பொருளைக் கற்பிப்பதைவிட விதியைத் திருத்துவது எளிதல்லவா?

வரலாற்றில் இரண்டும் நடந்திருக்கின்றன. யுரேனசின் பாதையில் தெரிந்த பிசகைக் கொண்டு, காணாத ஒரு கோள் எங்கே இருக்க வேண்டும் என்று பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே கணித்தார். 1846இல் நெப்டியூன் அங்கேயே கிடைத்தது. புதனின் பாதையில் தெரிந்த பிசகுக்கும் அவர் அதே வழியில் வல்கன் என்னும் கோள் ஒன்றை முன்மொழிந்தார். அது கிடைக்கவே இல்லை. 1915இல் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கோட்பாடுதான் அதை விளக்கியது. எனவே உங்கள் கேள்வியை ஒதுக்கும் உரிமை எங்களுக்கு இல்லை.

1983இல் மோர்டகாய் மில்க்ரோம் என்ற இயற்பியலாளர், மிகச் சிறிய முடுக்கங்களில் இயக்க விதி மாறுகிறது என்ற கருத்தை வைத்தார். தனித்தனி விண்மீன் மண்டலங்களின் சுழற்சியை அது வியக்கத்தக்க அளவுக்குச் சரியாகச் சொல்கிறது. என் சொந்தக் கணக்குகளிலும் அதைப் பார்த்திருக்கிறேன். அதைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் மண்டலக் கொத்துகளுக்கு வரும்போது அந்த விதியை ஏற்றுக்கொண்ட பிறகும் கொஞ்சம் காணாத பொருள் தேவைப்படுகிறது. தோட்டாக் கொத்து என்று அழைக்கப்படும் மோதலில் இது தெளிவாகவே தெரிகிறது. அங்கே இரண்டு கொத்துகள் ஒன்றையொன்று ஊடுருவிச் சென்றிருக்கின்றன. சாதாரணப் பொருளில் பெரும்பங்கான சூடான வாயு மோதித் தடைபட்டு நடுவில் நிற்பதை எக்ஸ் கதிர்ப் படம் காட்டுகிறது. பின்னணி மண்டலங்களின் ஒளி வளைவதைக் கொண்டு வரைந்த ஈர்ப்பு வரைபடமோ, நிறையின் பெரும்பகுதி வாயுவை விட்டு விலகி இரு பக்கமும் முன்னே போய்விட்டதாகக் காட்டுகிறது. 2006இல் வெளியான இந்த ஒப்பீட்டுக்குப் பின், விதியை மட்டும் திருத்தினால் போதும் என்று வாதிடுவது மிகவும் கடினமாகிவிட்டது.

கேள்வி: அப்படியானால் அது இப்போது என் அறையிலும் இருக்கிறதா?

இருக்கிறது. சூரியன் இருக்கும் பகுதியில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு புரோட்டானின் நிறையில் மூன்றில் ஒரு பங்கு என்பது வழக்கமான மதிப்பீடு. இதைப் பூமியின் கன அளவால் பெருக்கிப் பாருங்கள்: எந்த நொடியிலும் பூமி முழுவதற்குள்ளும் இருக்கும் கரும்பொருள் வெறும் அரை கிலோவுக்குச் சற்று அதிகம். கோள்களின் பாதைகளில் அதன் விளைவு தெரியாததற்கும், விண்மீன் மண்டலம் என்ற பிரம்மாண்டமான அளவில் மட்டும் அது ஓங்கி நிற்பதற்கும் இதுவே காரணம். விண்மீன்களுக்கு இடையே உள்ள வெற்றிடமும் அதைச் சுமக்கிறது. அந்த வெற்றிடமோ அளவற்றது.

கேள்வி (பள்ளி ஆசிரியை ஒருவர்): வானத்தில் இருப்பதைத் தேட ஏன் சுரங்கத்துக்குள் போகிறார்கள் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

சத்தமான கடைத்தெருவில் மெல்லிய பேச்சு கேட்காது என்று சொல்லுங்கள். கரும்பொருள் துகள் ஒன்று அணுக்கரு ஒன்றில் எப்போதாவது மோதினால், அது தரும் அதிர்வு மிகச் சிறியது. தரைமட்டத்தில் விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் கருவியை ஓயாமல் தாக்குவதால் அந்தச் சிறு சமிக்ஞை மூழ்கிவிடும். தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான பாறை இருந்தால் அக்கதிர்களில் பெரும்பாலானவை தடுக்கப்படும்.

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஒரு பழைய தங்கச் சுரங்கத்தில், சுமார் 1,480 மீட்டர் ஆழத்தில், லக்ஸ்-செப்லின் என்ற கருவி இயங்குகிறது. அதன் உணர்பகுதியில், திரவமாக்கப்பட்ட 7 டன் செனான் வாயு, பூச்சியத்துக்குக் கீழே நூறு டிகிரி செல்சியஸ் அளவிலான குளிரில் நிற்கிறது. துகள் ஒன்று செனான் அணுவை இடித்தால் முதலில் ஒரு சிறு ஒளிமின்னல் தோன்றும். அப்போது விடுபடும் எலக்ட்ரான்கள் மின்புலத்தால் மேலே இழுக்கப்பட்டு, மேற்பரப்பிலுள்ள வாயுவில் இரண்டாவது மின்னலை உண்டாக்கும். மேலும் கீழும் உள்ள 494 ஒளிபெருக்கிக் குழாய்கள் இரண்டையும் பதிகின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கொண்டு மோதல் எந்த ஆழத்தில் நடந்தது என்றும், இரண்டின் விகிதத்தைக் கொண்டு இடிபட்டது அணுக்கருவா எலக்ட்ரானா என்றும் பிரித்தறிகிறார்கள். கருவியைச் செய்த உலோகத்தில் ஒட்டியிருக்கும் கதிரியக்கம்கூடத் தொல்லைதான் என்பதால், ஒவ்வொரு திருகையும் சோதித்தே பொருத்துகிறார்கள். அந்தப் பொறுமையை உங்கள் மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

நம் பக்கத்துச் செய்தி ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். தமிழ்த் தொழிலாளர்கள் பெருமளவில் உழைத்த கோலார் தங்கவயலில், இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்கள் என்ற, எதையும் எளிதில் ஊடுருவும் நுண்துகள்கள் 1965இல் பதிவு செய்யப்பட்டன. உலகில் அத்தகைய முதல் பதிவுகளுள் அது ஒன்று. இன்று ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில், 555 மீட்டர் ஆழத்தில், கரும்பொருள் தேடலுக்கான ஆய்வகம் இருக்கிறது.

கேள்வி: இத்தாலியில் ஒரு குழு ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டதாகப் படித்தேனே?

டாமா குழுவைச் சொல்கிறீர்கள். கிரான் சாசோ மலைக்கு அடியில் உள்ள அவர்களுடைய சோடியம் அயோடைடு படிகங்களில் பதிவான நிகழ்வுகள் ஆண்டுதோறும் ஜூன் வாக்கில் கூடி டிசம்பர் வாக்கில் குறைந்தன. சூரியனோடு சேர்ந்து மண்டலத்தைச் சுற்றும் பூமி, எங்கும் பரவியிருக்கும் கரும்பொருளை ஜூனில் எதிர்க்காற்றுபோலக் கூடுதல் வேகத்தில் எதிர்கொள்ளும் என்பதால் இது எதிர்பார்க்கத்தக்கதே. ஆனால் ஸ்பெயினில் அனாயிஸ், கொரியாவில் கோசைன் ஆகிய குழுக்கள் அதே வகைப் படிகங்களைக் கொண்டு தேடியும் அந்த ஏற்ற இறக்கத்தைக் காணவில்லை. எனவே டாமா பார்த்தது கரும்பொருள் அல்ல என்பதே என் முடிவு.

கேள்வி: இத்தனை ஆண்டுகளாக எதுவும் கிடைக்கவில்லையே. இன்னும் எதற்காகச் செலவு செய்ய வேண்டும்?

லக்ஸ்-செப்லின் 280 நாள் தரவை 2024இல் வெளியிட்டது. அதில் கரும்பொருள் இல்லை. ஆனால் ‘இல்லை’ என்ற அந்த விடை, அதுவரை பலர் நம்பியிருந்த பல கோட்பாடுகளை நீக்கிவிட்டது. ஒரு கிணற்றில் தண்ணீர் இல்லை என்று உறுதியானால், அடுத்த இடத்தில் தோண்டலாம். செனான் கருவிகள் இப்போது சூரிய நியூட்ரினோக்களையே உணரத் தொடங்கிவிட்டன. இனி அந்த இரைச்சலுக்கு நடுவில் தேட வேண்டியிருக்கும் என்பது உண்மையான சிக்கல். மறுபுறம், எலக்ட்ரானைவிடப் பல கோடி மடங்கு இலேசான ஆக்சியான் என்ற துகள்தான் கரும்பொருளோ என்று, அதைச் சியாட்டில் நகரில் முற்றிலும் வேறு முறையில் தேடுகிறார்கள்: வலிய காந்தப்புலத்தில் வைத்த உலோகப் பெட்டியில் ஆக்சியான் நுண்ணலையாக மாறுகிறதா என்று, வானொலி நிலையம் தேடுவதுபோல ஒவ்வொரு அலைவரிசையாகத் திருப்பிக் கேட்கிறார்கள். இந்த முயற்சியின் மீது எனக்குத் தனிப்பட்ட முறையில் நம்பிக்கை அதிகம்.

கேள்வி (பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்): நானும் இதில் ஏதாவது செய்ய முடியுமா?

இன்றைக்கே முடியும், தம்பி. 175 விண்மீன் மண்டலங்களின் சுழற்சி வேகங்களைக் கொண்ட ஸ்பார்க் என்ற தரவுத் தொகுப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் என்.ஜி.சி. 3198 என்ற மண்டலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொலைவைக் கிடையச்சிலும் வேகத்தை நிலையச்சிலும் வைத்து வரையுங்கள். அதே தாளில், விண்மீன்களும் வாயுவும் மட்டும் இருந்தால் வர வேண்டிய வேகத்தையும் வரையுங்கள். அதற்குத் தேவையான எண்கள் அந்தத் தொகுப்பிலேயே உள்ளன. விண்மீன்களின் பங்கையும் வாயுவின் பங்கையும் வேகமாக அப்படியே கூட்டிவிடக் கூடாது. ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் காண வேண்டும். விண்மீன்களின் பங்கை, அவற்றின் நிறைக்கும் ஒளிக்கும் உள்ள விகிதத்தை 0.5 என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். இரண்டு கோடுகளும் எந்தத் தொலைவில் பிரிகின்றன என்று எனக்கு எழுதுங்கள்.