போக வண்டி கிடைக்கிறது, திரும்பி வர?

(பன்னிரண்டு ஆண்டுகள் டயாலிசிஸ் நர்ஸாக இருந்துவிட்டு, ஒரு பழைய வேனை வாங்கி நோயாளிகளுக்கான போக்குவரத்துச் சேவையைத் தொடங்கியவர், வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

கேள்வி: உயிருக்கு ஆபத்து என்றால் ஆம்புலன்ஸ், இல்லாவிட்டால் டாக்ஸி. இடையில் உங்கள் வண்டிக்கு என்ன வேலை?

முதலில் ஆம்புலன்ஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரென்று வாய் கோணுவது, ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொள்வது ஆகியவற்றுக்கு எங்களைக் கூப்பிடவே கூடாது. அப்படி அழைப்பு வந்தால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிவிடுவோம்.

ஆனால் டயாலிசிஸ், அதாவது சிறுநீரகம் வேலை செய்யாதவரின் ரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்வது, பெரும்பாலானவர்களுக்கு வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம். கதிர்வீச்சு சிகிச்சை என்றால் பலருக்கு வாரத்தில் 5 நாள் வீதம் பல வாரங்கள் நீளும். இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்தவருக்குப் பிசியோதெரபி இருக்கிறது. இவர்களுக்கு இன்று ஆபத்து எதுவும் இல்லை. போகாமல் விட்டால்தான் வரும். டாக்ஸி தெருவில் வந்து நிற்கும், அதன் பொறுப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது. கட்டிலிலிருந்து தெருவரை யார் கூட்டி வருவது? எங்கள் ஆள் கட்டிலருகே வந்து நிற்பார், திரும்பும்போது கட்டிலில் உட்கார வைத்துவிட்டுத்தான் கிளம்புவார்.

கேள்வி: நர்ஸ் வேலையை விட்டு இதில் இறங்கத் தூண்டியது எது?

ஒரு ஜோடி செருப்பு. எங்கள் பிரிவில் ஒரு பெரியவர் திங்கட்கிழமைகளில் வராமல் இருக்கத் தொடங்கினார். பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடித்தவர் திங்கட்கிழமையையும் விட்டுவிட்டால் உடம்பில் நீரும் பொட்டாசியமும் ஏறிக்கொண்டே போகும். முறைப்படி வருகிறவர்களுக்கே வாரக்கடைசியின் அந்த நீண்ட இடைவெளிதான் ஆபத்து கூடிய நேரம் என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. மறுமுறை அவர் வந்தபோது கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையாமல், அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

“ஏன் ஐயா வரவில்லை?” என்று கேட்டேன். “வரணும்னுதாம்மா இருக்கு. மூணாவது மாடி. பையனுக்கு திங்கட்கிழமை ஷிஃப்ட் மாறிடுச்சு. இறங்க ஒரு கை வேணுமே” என்றார்.

எங்கள் பதிவேட்டில் எடைக்கு ஒரு கட்டம் உண்டு, ரத்த அழுத்தத்துக்கு உண்டு. ஏன் வரவில்லை என்று எழுத ஒரு கட்டம் இல்லை. அத்தனை வருடமும் அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டவள் நான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கேள்வி: என் அப்பாவைக் காலையில் சரியான நேரத்துக்கு வந்து அழைத்துப் போகிறார்கள். திரும்பும்போது இரண்டு மணி நேரம் காக்க வைக்கிறார்கள். கேட்டால் “வண்டி வந்துகொண்டிருக்கிறது” என்கிறார்கள். நாங்கள் என்ன செய்யலாம்?

இந்தக் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். தொடங்கிய புதிதில் இதே தவறை நானும் செய்திருக்கிறேன். டயாலிசிஸ் முடிந்த ஓர் அம்மாவை வராந்தாவில் இரண்டரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டேன். நான் போனபோது சால்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து “வந்துட்டியா” என்று மட்டும் கேட்டார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், போகும் நேரம் முன்கூட்டியே தெரியும், திரும்பும் நேரம் தெரியாது. ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்கத் தாமதமாகலாம். ரத்த அழுத்தம் இறங்கி, சிறிது நேரம் படுக்க வைக்க வேண்டி வரலாம். காத்து நிற்கும் வண்டிக்கு வருமானம் இல்லை என்பதால் அதை அடுத்த சவாரிக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் நோயாளி மிகவும் தளர்ந்திருப்பது திரும்பும்போதுதான். உடம்பிலிருந்து நீரை எடுத்த பிறகு எழுந்து நின்றால் தலை சுற்றும், பலர் விழுவதும் அப்போதுதான்.

அதனால் நாங்கள் அட்டவணை போடும்போது திரும்பும் பயணங்களை முதலில் நிரப்பிவிட்டு, அதற்குப் பிறகே போகும் பயணங்களைச் சேர்க்கிறோம். இயந்திரத்தில் இருக்கும் ரத்தத்தை உடம்புக்குத் திருப்பத் தொடங்கும்போது அங்குள்ள நர்ஸ் ஒரு தகவல் கொடுப்பார், வண்டி அப்போதே கிளம்பும். உங்கள் சேவையிடமும் இதைக் கேளுங்கள்: “தகவல் சொன்னபின் எத்தனை நிமிடத்தில் வருவீர்கள்?” பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் காத்திருந்த நேரத்தைக் குறித்து வைத்து, டயாலிசிஸ் பிரிவின் பொறுப்பு நர்ஸிடம் காட்டுங்கள். ஒரு குடும்பம் சொன்னால் புகாராகப் போய்விடும். ஐந்து பேரின் குறிப்பு சேர்ந்தால் மையமே பேசும்.

இன்னொன்று. அப்பாவுக்கு ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து அமைத்த இடம்) இருக்கும் கையைப் பிடித்துத் தூக்க யாரையும் விடாதீர்கள். அந்தக் கையில் பையை மாட்டக் கூடாது, பெல்ட் அழுத்தக் கூடாது. தோலின் மேல் விரலை வைத்தால் உள்ளே பூனை உறுமுவது போல ஓர் அதிர்வு தெரியும். எங்கள் ஓட்டுநர் ஒவ்வொருவரையும் வேலைக்குச் சேரும்போது, நோயாளியின் அனுமதியோடு அதைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். ஒருமுறை தொட்டவர் அந்தக் கையை இழுக்க மாட்டார். வழியில் அங்கே ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் விரல் வைத்து விடாமல் அழுத்த வேண்டும். நிற்கவில்லை என்றால் அவசர உதவியை அழைக்க வேண்டும்.

கேள்வி: அம்மா சக்கர நாற்காலியில் இருக்கிறார். பிரேக் போட்டாயிற்று, அது போதும் என்கிறார் டிரைவர். போதுமா?

போதாது. சக்கரத்தின் பிரேக் நாற்காலி உருளாமல் இருக்கத்தான். வண்டி மோதினால் அதனால் தாங்க முடியாது. வாகனத்துக்கென்று தயாரிக்கப்படும் நாற்காலிகளை ISO 7176-19 என்ற தரநிலைப்படி, மணிக்கு 48 கி.மீ. வேகத்தில் முன்பக்க மோதலுக்கு உட்படுத்திச் சோதிக்கிறார்கள். அந்த வேகத்தில் கட்டப்படாத நாற்காலி என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நாற்காலி முன்னோக்கி இருக்க வேண்டும். பக்கவாட்டில் வைத்து ஓட்டக் கூடாது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு பட்டைகள் தரையோடு சேர்த்து இறுக்கப்பட வேண்டும். கொக்கி நாற்காலியின் சட்டத்தில் மாட்ட வேண்டும், சக்கரத்திலோ கைப்பிடியிலோ கழற்றக்கூடிய கால்தாங்கியிலோ அல்ல. இறுக்கியபின் நாற்காலியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், அசையக் கூடாது.

அதோடு முடியவில்லை. அம்மாவுக்குத் தனியாக ஒரு பெல்ட் வேண்டும். அது இடுப்பு எலும்பின் மேல், தாழ்வாக, நாற்காலியின் கைதாங்கிகளுக்கு அடியில் போக வேண்டும். வயிற்றின் மேல் போகக் கூடாது. தோளுக்கும் ஒன்று. நாற்காலியோடு வரும் சின்னப் பெல்ட் நிமிர்ந்து உட்காரத்தான் உதவும், அதை நம்பாதீர்கள்.

அம்மாவால் சிரமமில்லாமல் எழுந்து மாற முடியும் என்றால், வண்டி இருக்கையில் உட்காருவதே மேல். ஆனால் நாற்காலியைக் கட்டுவது வேலை என்பதற்காக, முடியாதவரை மாறச் சொல்லி வற்புறுத்தினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: எண்டோஸ்கோபி மாதிரி மயக்க மருந்து கொடுக்கும் சோதனைக்குப் போகும்போது உங்கள் ஓட்டுநரையே துணையாகக் காட்டலாமா?

முடியாது. அவர் கூட்டி வந்து விடுவார், அவ்வளவுதான். வீட்டில் பார்த்துக்கொள்ள வயது வந்த ஒருவர் இருக்க வேண்டும் என்று மருத்துவமனை கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. யாருமே இல்லை என்றால் சோதனைத் தேதி வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். அன்று காலையில் போய்த் திருப்பி அனுப்பப்பட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: இதற்கான செலவை நோயாளிதான் ஏற்க வேண்டுமா?

எல்லா இடத்திலும் அப்படி இல்லை. அமெரிக்காவில் 1965-இல் தொடங்கிய, வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிக்கெய்டு என்ற அரசு மருத்துவ உதவித் திட்டத்தில், வேறு வழி இல்லாத பயனாளியைச் சிகிச்சைக்குக் கொண்டு சேர்ப்பது மாநிலங்களின் கடமை. நீண்ட காலம் விதியாக மட்டும் இருந்த அது, 2020 டிசம்பரில் சட்டத்திலேயே எழுதப்பட்டது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையிலும், உடல்நிலை காரணமாகத் தேவைப்படுகிறவர்களுக்கு அவசரமில்லாத நோயாளிப் போக்குவரத்து உண்டு. பயணத்தைச் சிகிச்சையின் ஒரு பகுதியாக எண்ணினால்தான் இது நடக்கும். மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டு அதை எட்டாத உயரத்தில் வைப்பதை எந்த டாக்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார். படியிறங்க முடியாதவருக்கு டயாலிசிஸ் தேதி கொடுப்பதும் எனக்கு அப்படித்தான் படுகிறது.

கேள்வி: நானும் ஒரு வண்டி வாங்கி இதைத் தொடங்க ஆசைப்படுகிறேன். எந்த வேன் நல்லது?

வேனை இப்போது வாங்காதீர்கள். ஒரு டயாலிசிஸ் மையத்தில் அனுமதி பெற்று, அதன் வாசலில் ஒரு வாரம் உட்காருங்கள். காலை ஷிஃப்ட் தொடங்குவதிலிருந்து கடைசி ஷிஃப்ட் முடியும்வரை. பெயர் வேண்டாம். யார் எத்தனை மணிக்கு வெளியே வந்தார், எத்தனை மணிக்கு வண்டி ஏறினார், நடந்தாரா, நாற்காலியா, கூட ஆள் இருந்ததா என்று மட்டும் எழுதுங்கள். எத்தனை வண்டி, எந்த நேரத்துக்கு, ரேம்ப் வேண்டுமா, இரண்டாவது ஆள் வேண்டுமா என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்கும். எழுதி முடித்ததும் இந்த இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். உட்கார்ந்து சேர்ந்து பார்க்கலாம்.