கலப்பினச் செடியில் குரோமோசோம்களின் பரிமாற்றம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இரண்டு தூய ரகங்களைக் கலந்து பெறும் செடியில் தாயின் குரோமோசோம்களும் தந்தையின் குரோமோசோம்களும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன என்றே எண்ணியிருந்தேன். அப்படியானால் முதல் தலைமுறைச் செடிகள் அனைத்தும் ஒரே மாதிரி இருப்பது எப்படி? அவற்றின் விதையை விதைக்கும்போது மட்டும் செடிக்குச் செடி வேறுபாடு தோன்றுவது ஏன்?

பதில்: முதல் தலைமுறைச் செடியின் உடலில் அவை கலப்பதில்லை. ஒவ்வொரு செல்லின் உட்கருவிலும் தாயிடமிருந்து வந்த ஒரு முழுத் தொகுதியும் தந்தையிடமிருந்து வந்த ஒரு முழுத் தொகுதியும் தனித்தனியே இருக்கின்றன. வேரும் தண்டும் இலையும் வளரும்போது நடக்கும் சாதாரண செல் பகுப்பில் இரு தொகுதிகளும் அப்படியே நகலெடுக்கப்பட்டுப் புதிய செல்களுக்குச் செல்கின்றன. பெற்றோர் தூய ரகங்கள் என்பதால் ஒன்றின் மகரந்தங்கள் யாவும் ஒரே வகை, மற்றொன்றின் முட்டைகள் யாவும் ஒரே வகை. ஆகவே அவற்றின் பிள்ளைகள் எல்லாம் ஒரே மரபணு அமைப்பைப் பெறுகின்றன.

பரிமாற்றம் நடக்கும் இடம் பூ. மகரந்தப்பையிலுள்ள மகரந்தத் தாய்செல்லும், சூலுக்குள் முட்டை உருவாக வழிசெய்யும் பெருவித்துத் தாய்செல்லும், குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பகுப்புக்கு உள்ளாகும்போதுதான் இரு பெற்றோரின் குரோமோசோம்கள் முதன்முறையாக ஒன்றையொன்று தேடி இணைகின்றன. அதன் விளைவு அந்தச் செடியில் தெரியாது. அது தரும் விதையிலிருந்து முளைக்கும் அடுத்த தலைமுறையில்தான் தெரியும்.

அந்த வேறுபாட்டுக்கு இரண்டு காரணங்கள் உள்ளன; பல பாடக்குறிப்புகள் இவற்றை ஒன்றாகக் குழப்பிவிடுகின்றன. முதலாவது, ஒவ்வொரு இணையிலிருந்தும் எந்தக் குரோமோசோம் எந்தப் பக்கம் செல்லும் என்பது மற்ற இணைகளைச் சாராமல் நடப்பது. மக்காச்சோளத்தில் 10 இணைகள் இருப்பதால் இதனால் மட்டுமே 1024 வகை இனச்செல்கள் (மகரந்தம், முட்டை வழியே அடுத்த தலைமுறைக்குச் செல்லும் செல்கள்) உருவாகலாம். இரண்டாவதுதான் குறுக்கேற்றம், அதாவது ஒரே இணையைச் சேர்ந்த இரு குரோமோசோம்கள் தம் துண்டுகளை மாற்றிக்கொள்வது. இது சேரும்போது, நடைமுறையில் ஒரு கலப்பினச் செடியின் இரண்டு மகரந்தங்கள் முற்றிலும் ஒன்றாக அமையும் வாய்ப்பு இல்லாமலே போகிறது.

கேள்வி: இரண்டு குரோமோசோம்கள் சரியாக ஒரே இடத்தில் அறுபட்டு, தவறில்லாமல் மாறி ஒட்டிக்கொள்வது எப்படிச் சாத்தியம்?

பதில்: குன்றல் பகுப்பு தொடங்கும் முன்பே டி.என்.ஏ. நகலெடுக்கப்பட்டுவிடுவதால் ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டு குரோமாட்டிட்களை, அதாவது ஒரே மாதிரியான இரு நகல்களை, கொண்டிருக்கும். ஓர் இணையில் ஆக மொத்தம் நான்கு. குன்றல் பகுப்பின் தொடக்கமான லெப்டோட்டீன் நிலையில் ஸ்போ11 எனும் புரதம் டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் வேண்டுமென்றே வெட்டுகிறது. மற்ற நேரங்களில் செல்லுக்கு ஆபத்தாகக் கருதப்படும் இத்தகைய வெட்டு, இங்கே செல்லே முன்வந்து செய்துகொள்ளும் வேலையாக இருக்கிறது. ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் அராபிடாப்சிஸ் செடியில் ஒரு தாய்செல்லுக்குச் சுமார் 150 முதல் 250 வரை வெட்டுகள் விழுகின்றன.

கேள்வியில் ஒரு சிறு திருத்தம் தேவை: இரு குரோமோசோம்களும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் அறுபடுவதில்லை. அறுபடுவது ஒன்றுதான். அறுந்த முனைகள் செதுக்கப்பட்டு ஒற்றை இழையாக நீள்கின்றன, ஆர்.ஏ.டி.51, டி.எம்.சி.1 ஆகிய புரதங்கள் அந்த இழையைப் போர்த்திக்கொண்டு, அதே எழுத்து வரிசை கொண்ட பகுதியை இணைக் குரோமோசோமில் தேடுகின்றன. கண்டுபிடித்ததும் இழை உள்ளே நுழைந்து, அந்த வரிசையை அச்சாக வைத்துத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. சரியான இடத்தைக் காட்டுவது வரிசையின் ஒற்றுமைதான் என்பதால்தான் துல்லியம் கிடைக்கிறது. இதே காலத்தில், அடுத்து வரும் சைகோட்டீன் நிலையில், இரு குரோமோசோம்களும் ஒரு புரதக் கட்டமைப்பால் ஜிப் இழுத்தாற்போல நெடுக இணைக்கப்படுகின்றன. அதற்கடுத்த பாக்கிட்டீன் நிலையில் இந்த இணைப்பு முழுமையடைகிறது.

ஆனால் வெட்டுகள் எல்லாம் குறுக்கேற்றமாக முடிவதில்லை. பெரும்பாலானவை மிகச் சிறிய ஒட்டோடு, அல்லது எந்தத் தடயமும் இல்லாமல், பழுதுபார்க்கப்பட்டுவிடுகின்றன. அராபிடாப்சிஸில் அத்தனை வெட்டுகளில் சுமார் 10 மட்டுமே உண்மையான குறுக்கேற்றங்களாகின்றன. அதற்கு இருப்பதோ 5 இணைகள். ஓர் இணைக்கு ஒன்றாவது நிச்சயம் விழும், ஓரிடத்தில் விழுந்தால் அதன் அருகிலேயே இன்னொன்று விழுவது தடுக்கப்படும். மிகப் பெரும்பாலான தாவரங்களில் காணப்படும் ஒழுங்கு இது. பாக்கிட்டீனுக்குப் பின் வரும் டிப்ளோட்டீன் நிலையில் இணைப்பு கரைந்து குரோமோசோம்கள் விலகத் தொடங்கும்போது நுண்ணோக்கியில் தெரியும் குறுக்குச் சந்திகளுக்குக் கயாஸ்மா என்று பெயர். பரிமாற்றம் அப்போது நடப்பதாகச் சிலர் எழுதுகிறார்கள். அது சரியன்று, முன்பே முடிந்துவிட்ட பரிமாற்றத்தின் அடையாளமே அது.

அந்தச் சந்திக்கு வேறொரு கடமையும் உண்டு. இணையின் இரு உறுப்புகளும் எதிரெதிர்த் துருவங்களுக்கு ஒழுங்காக இழுக்கப்படும் வரை அவற்றைப் பிடித்துவைத்திருப்பது அதுதான். சந்தி ஏற்படாத இணை எப்பக்கம் போகும் என்பது தற்செயலாகிவிடும். வேறுபாட்டை உண்டாக்கவே குறுக்கேற்றம் இருக்கிறது என்ற விளக்கம் எனக்கு எப்போதும் அரைகுறையாகவே படுகிறது. பெரும்பாலான தாவரங்களில் அது இல்லாமல் குரோமோசோம்களைச் சரிபாதியாகப் பிரிக்கவே முடியாது.

கேள்வி: இந்தப் பரிமாற்றத்தில் மரபணுக்களின் எண்ணிக்கை கூடுமா, குறையுமா?

பதில்: ஒழுங்காக நடந்தால் இரண்டும் இல்லை. இடம் மாறுவது ஒரே மரபணுவின் இரு வடிவங்கள், அதாவது அல்லீல்கள். மீண்டும் மீண்டும் வரும் ஒரே மாதிரியான வரிசைகளில் இணைவு சற்று நழுவிப்போனால் மட்டும் ஒரு பக்கம் கூடுதலும் மறுபக்கம் இழப்பும் ஏற்படும்.

கேள்வி: கண்ணுக்குத் தெரியாத இந்த நிகழ்வு உண்மையாகவே நடக்கிறது என்று எப்படி நிரூபித்தார்கள்?

பதில்: 1909ஆம் ஆண்டிலேயே பெல்ஜிய செல்லியலாளர் யான்சென்ஸ் கயாஸ்மாக்களைப் பார்த்து இப்படியொரு பரிமாற்றம் இருக்கவேண்டும் என்று சொன்னார். நேரடிச் சான்று 1931இல் மக்காச்சோளத்திலிருந்து வந்தது. ஹாரியட் கிரெய்ட்டனும் பார்பரா மெக்ளின்டாக்கும் பயன்படுத்திய செடியில் 9ஆம் குரோமோசோம் இணையின் ஓர் உறுப்புக்கு ஒரு முனையில் தடித்த குமிழும், மறுமுனையில் 8ஆம் குரோமோசோமிலிருந்து வந்து ஒட்டிய துண்டும் இருந்தன. மற்றோர் உறுப்புக்கு இரண்டும் இல்லை. விதையின் நிறத்தையும் மாவுப்பொருளின் தன்மையையும் நிர்ணயிக்கும் இரு மரபணுக்கள் அதே குரோமோசோமில் இருந்தன. அடுத்த தலைமுறையில் இப்பண்புகள் புதிய விதமாகச் சேர்ந்திருந்த செடிகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது, குமிழ் மட்டும் உடைய, அல்லது ஒட்டுத்துண்டு மட்டும் உடைய குரோமோசோம்கள் தென்பட்டன. பண்பு மாறிய இடத்தில் குரோமோசோமும் உருமாறியிருந்தது. தூய ரகத்தில் இதைச் செய்திருக்க முடியாது. அங்கேயும் பரிமாற்றம் நடக்கிறது, ஆனால் இரு பக்கமும் ஒன்றேயாதலால் மாறியதற்கான தடயமே கிடைக்காது.

கேள்வி: அப்படியானால் பெற்றோர் எவ்வளவு வேறுபட்டிருக்கிறார்களோ அவ்வளவு பரிமாற்றம் கூடவேண்டும் அல்லவா? இரு சிற்றினங்களைக் கலந்து பெறும் செடிகள் மலடாகிப்போவது ஏன்?

பதில்: கலப்பினச் செடியின் சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. பரிமாற்றம் நமக்குத் தெரியவேண்டுமானால் வேறுபாடு வேண்டும். பரிமாற்றம் நடக்கவேண்டுமானால் ஒற்றுமை வேண்டும். ஓரளவுக்கு மேல் விலகிப்போன இரு வரிசைகளில் தேடும் இழை தன் துணையைக் கண்டுகொள்வதில்லை.

ரஷ்ய மரபியலாளர் கார்ப்பெச்சென்கோ 1920களில் முள்ளங்கியையும் முட்டைக்கோஸையும் கலந்தார். இரண்டுக்கும் 18 குரோமோசோம்கள். கலப்புச் செடிக்கும் 9 கூட்டல் 9 என 18 வந்தன. எண்ணிக்கை பொருந்தியும் அவை இணை சேரவில்லை. ஆகவே சந்தியுமில்லை, ஒழுங்கான பிரிவும் இல்லை, மகரந்தம் பெரும்பாலும் வீணானது. அரிதாக, குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகக் குறையாத இனச்செல்கள் சேர்ந்து 36 குரோமோசோம்கள் கொண்ட செடிகள் தோன்றியபோது நிலைமை மாறியது: ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தன் சொந்தத் துணை கிடைத்தது, செடி விதை தந்தது. ஆனால் அந்த வளமான செடியிலும் முள்ளங்கிக் குரோமோசோம் முள்ளங்கியோடும் முட்டைக்கோஸ் குரோமோசோம் முட்டைக்கோஸோடும்தான் பொதுவாக இணைகிறது. இரு சிற்றினங்களும் ஒரே உட்கருவில் வாழ்கின்றன, ஆனால் பரிமாறிக்கொள்வது அரிது.

ரொட்டிக் கோதுமையும் இவ்வகையே. மூன்று மூதாதையரின் தொகுதிகள் சேர்ந்த 42 குரோமோசோம்கள் அதற்கு உண்டு. அவை ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவுடையவை என்பதால் மாறி இணைய வாய்ப்பு அதிகம். அதைத் தடுப்பது 5பி குரோமோசோமின் நீண்ட கரத்திலுள்ள பி.எச்.1 எனும் பகுதி என்று 1958இல் கண்டறிந்தார்கள். அப்பகுதி இல்லாத கோதுமையில் உறவுக் குரோமோசோம்களும் பரிமாறிக்கொள்ளத் தொடங்குகின்றன.

வரிசை ஒத்திருந்தும் அடுக்கு மாறியிருந்தால் வேறுவிதத் தொல்லை வருகிறது. ஒரு பெற்றோரில் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பியிருந்தால், அதனுள் விழும் குறுக்கேற்றம் குறைவும் மிகையும் கொண்ட குரோமோசோம்களை உண்டாக்கும். அவற்றைச் சுமக்கும் மகரந்தங்கள் பிழைப்பதில்லை. பிழைத்தவற்றை மட்டும் எண்ணிப் பார்ப்பவருக்கு அந்தப் பகுதியில் பரிமாற்றமே நடக்கவில்லை என்று தோன்றும். இரு காட்டுச் சூரியகாந்திச் சிற்றினங்களின் 17 இணைகளில் 10 இவ்வாறு அடுக்கு மாறியவை. ஒன்றின் மரபணுக்கள் மற்றொன்றுக்குள் செல்வது அடுக்கு மாறாத மீதி 7 குரோமோசோம்களிலேயே எளிதாக நடக்கிறது.

கேள்வி: காட்டுச் சிற்றினத்திலிருந்து ஒரு நோய் எதிர்ப்பு மரபணு மட்டும் வேண்டும். பலமுறை பிற்கலப்பு செய்தால், அதாவது கலப்புச் செடியைப் பயிர் ரகத்தோடே மீண்டும் மீண்டும் கலந்தால், மற்றவை தாமாக நீங்கிவிடாதா?

பதில்: வேறு குரோமோசோம்களில் இருப்பவை விரைவில் நீங்கும். அதே குரோமோசோமில், வேண்டிய மரபணுவின் அருகில் இருப்பவை குறுக்கேற்றம் வந்து வெட்டினால்தான் நீங்கும். காட்டுத் துண்டு பயிரின் வரிசையோடு சரிவரப் பொருந்தாததால் அந்த வெட்டு அங்கே அரிதாகவே விழுகிறது. காட்டுத் தக்காளியிலிருந்து டி.எம்.2 எனும் வைரஸ் எதிர்ப்பு மரபணுவைப் பெற்ற ரகங்களை 1989இல் ஆராய்ந்தபோது, 11 பிற்கலப்புகளுக்குப் பிறகும் ஒரு ரகத்தில் அம்மரபணு இருந்த குரோமோசோம் கரம் முழுவதும் காட்டுத் தக்காளியுடையதாகவே இருந்தது. கோதுமை, பார்லி போன்றவற்றில் இன்னொரு தடையும் உண்டு: குறுக்கேற்றங்கள் குரோமோசோம்களின் முனைகளிலேயே குவிகின்றன, செல் பகுப்பின்போது குரோமோசோமைப் பிடித்து இழுக்கும் இடமான சென்ட்ரோமியரைச் சுற்றிய நீண்ட பகுதியில் மரபணுக்கள் ஏராளமாக இருந்தும் அவை ஒரே கட்டாகவே தலைமுறை கடக்கின்றன.

இயற்கையாக வெட்டு விழாதபோது வேறு வழி தேடினார்கள். ஏஜிலாப்ஸ் எனும் காட்டுப் புல்லின் இலைத்துரு எதிர்ப்பைக் கோதுமைக்குக் கொண்டுவர அமெரிக்க மரபியலாளர் எர்னஸ்ட் சியர்ஸ் 1956இல் எக்ஸ் கதிரால் குரோமோசோமை உடைத்தார். 1968இல் பிரிட்டிஷ் மரபியலாளர் ரைலியும் உடன் பணியாற்றியவர்களும் பி.எச்.1இன் தடையை அடக்கி, மற்றொரு ஏஜிலாப்ஸின் குரோமோசோமும் கோதுமையின் குரோமோசோமும் தாமே பரிமாறிக்கொள்ளும்படி செய்தார்கள். கதிர்வீச்சு எங்கே உடைக்கும், எங்கே ஒட்டும் என்பதற்குக் கட்டுப்பாடில்லை; ஒத்த இடத்தில் ஒத்த துண்டை மாற்றும் இரண்டாவது முறையே மேலானது.

கேள்வி: குறுக்கேற்றத்தை நம் விருப்பப்படி கூட்டவோ நிறுத்தவோ இன்று முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். வெட்டுகள் குறுக்கேற்றமாவதைத் தடுக்கும் புரதங்கள் செடியிலேயே இருக்கின்றன. அவற்றில் எஃப்.ஏ.என்.சி.எம். என்பதை நீக்கினால் அராபிடாப்சிஸின் தூய ரகங்களில் குறுக்கேற்றம் பெருகுகிறது. கலப்பினத்தில் அந்தப் பெருக்கம் ஏறக்குறைய காணாமல் போகிறது. பயிர் மேம்பாட்டாளருக்குப் பரிமாற்றம் தேவைப்படும் இடத்திலேயே இந்த வழி கைகொடுப்பதில்லை. ஆர்.இ.சி.க்யூ.4, எஃப்.ஐ.ஜி.எல்.1 ஆகிய இரண்டையும் ஒருசேர நீக்கியபோது கலப்பினத்திலும் ஏறத்தாழ 8 மடங்கு கூடியது. முதலாவதை மட்டும் நீக்கி நெல், பட்டாணி, தக்காளி ஆகியவற்றில் சுமார் 3 மடங்கு கூட்டியதை 2018இல் வெளியிட்டார்கள். எனினும் கூடுதலாக விழுபவை பெரும்பாலும் குரோமோசோமின் ஓரங்களிலேயே விழுகின்றன. சென்ட்ரோமியர்ப் பகுதி அசைவதில்லை.

நிறுத்துவதும் நடந்திருக்கிறது. நெல்லில் மூன்று மரபணுக்களை முடக்கினால் குன்றல் பகுப்பு சாதாரணப் பகுப்பைப் போல மாறி, பரிமாற்றமும் பிரிவும் இல்லாத முழு இனச்செல்கள் உருவாகின்றன. கருவுறாமலே முட்டையைக் கருவாக வளரச்செய்யும் மரபணு ஒன்றையும் இதனுடன் சேர்த்து, தாய்ச்செடியின் நகலாகவே முளைக்கும் விதைகளை 2019இல் பெற்றார்கள். முதல் முயற்சிகளில் விதைகளில் ஒரு பகுதியே அப்படி அமைந்தது. அந்த விகிதத்தை உயர்த்தும் வேலை அதன் பிறகு வேகமாக முன்னேறியிருக்கிறது.