எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே போன் நம்பரா?

கேள்வி: மதுரையில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். பில் போடும் சாப்ட்வேரைச் சமீபத்தில் மாற்றினோம். தீபாவளிக்கு மெசேஜ் அனுப்பலாம் என்று வாடிக்கையாளர் பட்டியலைத் திறந்தால், ஏறக்குறைய எல்லாருக்கும் 2147483647 என்றே இருக்கிறது. நாலைந்து பேருக்கு மட்டும் சரியாக வருகிறது. வைரஸா சார்? இது யாருடைய நம்பர்?

பதில்: வைரஸ் இல்லை. உங்கள் வாடிக்கையாளர் யாருடைய நம்பரும் இல்லை. நம் நாட்டு மொபைல் நம்பர்கள் 2-ல் தொடங்குவதே கிடையாது. சாப்ட்வேர் எழுதியவர் போன் நம்பரை 'இன்டிஜர்' (முழு எண்) வகையில் சேமித்திருக்கிறார். அதுதான் கோளாறு.

அந்த வகைக்கு 32 பிட் இடம். பிட் என்பது 0 அல்லது 1 மட்டும் வைக்கும் சின்ன அறை; ஒரு பிட் கூடினால் கொள்ளளவு இரட்டிப்பாகும். ஒரு பிட் கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடும். மிச்சம் 31. ஒன்றை 31 தடவை இரட்டித்துப் பாருங்கள்: பத்தாவது தடவையில் 1,024, இருபதாவதில் பத்து லட்சத்துச் சொச்சம், முப்பதாவதில் 107 கோடி, அடுத்ததில் 2147483648. அதில் ஒன்று குறைத்தால் உங்கள் எண். படி நிரம்பிய பிறகு எவ்வளவு அரிசி கொட்டினாலும் ஒரு படிதானே? அதேபோல, மைஎஸ்க்யூஎல் போன்ற தரவுத்தளத்தில் கண்டிப்பு அமைப்பை (அளவு மீறிய எண்ணை ஏற்க மறுப்பது) அணைத்து வைத்திருந்தால், பெரிய எண் வரும்போது பிழை காட்டாமல் உச்ச எண்ணையே எழுதிவிடும். இங்கே உச்சம் 214 கோடி. நம் மொபைல் நம்பர்களோ 600 கோடியில்தான் ஆரம்பம். ஒன்றுகூடத் தப்பாது. சரியாக இருக்கும் அந்த நாலைந்து பேர், எஸ்டிடி கோடு இல்லாமல் ஏழு இலக்க லேண்ட்லைன் நம்பர் கொடுத்தவர்களாக இருப்பார்கள், பாருங்கள்.

இந்த எண்ணுக்குப் பழைய பெருமை ஒன்று உண்டு. இது பகா எண். 1772-இல் கணித மேதை ஆய்லர் இதை நிரூபித்தார், அதுவும் பார்வை ஏறக்குறைய முழுதாகப் போன பிறகு. 46,340 வரையுள்ள பகா எண்கள் அத்தனையாலும் வகுத்துப் பார்க்க வேண்டிய வேலை. ஆனால் இதற்கு வகுத்தி இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 தான் வரும் என்று கண்டுபிடித்து, வேலையை வெகுவாகக் குறைத்துக்கொண்டார்.

சரி, உங்கள் கடைக்கு வருவோம். வெட்டுப்பட்ட நம்பர்களை அந்தப் பட்டியலிலிருந்து மீட்க வழியே இல்லை. பழைய சாப்ட்வேரின் பேக்கப்பையோ பில் நகல்களையோ தேடுங்கள். சாப்ட்வேர்காரர், "குறி பிட்டையும் சேர்த்துக்கொள்கிறேன், இடம் இரட்டிப்பாகும்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அப்போது எல்லாருக்கும் 4294967295 என்று வரும். (அது பகா எண்கூட இல்லை, 3, 5, 17, 257, 65537 ஐந்தின் பெருக்கல்.) போன் நம்பரை எழுத்து வகையில் சேமிக்கச் சொல்லுங்கள். நாம் என்ன போன் நம்பரைக் கூட்டிக் கழிக்கவா போகிறோம்? மதுரையின் எஸ்டிடி கோடான 0452-இல் உள்ள முதல் சைபரும் அப்போதுதான் நிற்கும்.

அப்புறம், தேதியை எப்படிச் சேமிக்கிறார் என்றும் கேட்டுவையுங்கள். 1970 தொடக்கத்திலிருந்து விநாடிகளை எண்ணி இதே 32 பிட்டில் வைத்திருந்தால், 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு அதுவும் நிரம்பிவிடும்.