தடிப்பாக்கிய தண்ணீரில் குளிசை கரையுமா?

கேள்வி: பாரிசவாதத்துக்குப் பின் அம்மாவுக்குத் தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறது. பேச்சுச் சிகிச்சையாளர் சொன்னபடி தடிப்பாக்கும் மாவைக் கலந்து கொடுக்கிறோம். குளிசைகளையும் இடித்து அதே தம்ளரில் போடுகிறோம். இதனால் மருந்தின் வேலை குறையுமா?
– வாசகி ஒருவர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: குறையக்கூடும். பெரும்பாலும் நேர்வது தாமதமே. குளிசை கரைய வேண்டுமானால் வயிற்றுநீர் அதனுள் ஊற வேண்டும். கரைந்த மருந்தும் வெளியே பரவ வேண்டும். கரண்டியில் எடுத்தால் இழுபட்டு விழும் பதத்திலுள்ள திரவமோ ஒவ்வொரு துகளையும் பசைபோலச் சுற்றிக்கொண்டு இவ்விரண்டையும் மந்தமாக்குகிறது. ஆகவே இடித்துவிட்டோமே என்று நிம்மதி கொள்ள முடியாது. அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரத்த அழுத்த மருந்துகளான அம்லோடிபின், அத்தெனலோல், வலிப்பு மருந்தான காபமசப்பின், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் ஆகியவற்றை இடித்துத் தடிப்பாக்கிய நீரில் கலந்து சோதித்தபோது, தடிப்புக் கூடக் கூட மருந்து வெளிவரும் வேகம் குறைந்தது. அது ஆய்வுகூடக் குடுவையில் கண்டது. உடலுக்குள்ளும் அதே அளவில் நடக்கும் என்று கொள்ளத் தேவையில்லை. எனினும் தடிப்பாக்கிய திரவத்துடன் விழுங்கிய, இடிக்காத மக்னீசியம் ஒட்சைட்டு என்ற மலமிளக்கிக் குளிசை கரையாமலே மலத்துடன் வெளியேறிய சம்பவங்கள் ஜப்பானில் பதிவாகியுள்ளன.

தடிப்பாக்கியின் வகையும் முக்கியம். மாச்சத்தாலானதை உமிழ்நீரிலுள்ள அமிலேசு நொதி சிதைத்துவிடும். சாந்தன் பிசினாலானது அப்படிச் சிதையாமல் தடிப்பாகவே இருக்கும். பொதியில் எது எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

இதற்காகத் தடிப்பாக்குவதையோ மருந்தையோ நீங்களாக நிறுத்த வேண்டாம். புரையேறி நுரையீரலில் நீர் போவது இதைவிடப் பெரிய ஆபத்து. தம்ளர் முழுவதிலும் கலந்தால் அடியில் மிஞ்சுவதோடு மருந்தும் மிஞ்சிவிடும். சிகிச்சையாளர் அனுமதித்தால், கட்டியில்லாமல் அடித்த ஒரு கரண்டி மூதூர்த் தயிரில் கலந்து கொடுக்கலாம். ஆனால் தைரொயிட் குளிசை, நுண்ணுயிர்க்கொல்லியான சிப்ரோஃப்ளொக்சசின் போன்றவற்றின் உறிஞ்சலைப் பாலிலுள்ள கல்சியம் தடுப்பதால் அவற்றுக்குத் தயிர் ஆகாது. மெதுவாக மருந்தை விடும் குளிசைகளையும் குடலில் கரைவதற்காக மேற்பூச்சிட்டவற்றையும் இடிக்கவே கூடாது. வலிப்பு மருந்து, வார்ஃபரின், இதய மருந்தான டிஜொக்சின் போன்று அளவு சற்றுப் பிசகினாலும் பாதிப்புத் தருபவை இருந்தால், கொடுக்கும் முறையை அடிக்கடி மாற்றாமல், அதை அப்படியே கிளினிக்கில் வைத்தியரிடம் சொல்லி, திரவ மருந்து உண்டா என்றும் கேளுங்கள்.

மலச்சிக்கலுக்கு மக்ரோகோல் தூள் கொடுக்கிறீர்களானால் இன்றே கவனியுங்கள்: மாச்சத்துத் தடிப்பாக்கியுடன் அது சேர்ந்தால் கலவை மீண்டும் தண்ணீராக இளகிப் புரையேறும்.