அம்மாவின் சோறு ஏன் இப்போது ருசிக்கவில்லை?

கேள்வி: மாங்குளத்துக்குக் கிட்ட எங்கள் ஊர். கொழும்பில் ஒன்றரை வருடம் சமையற்கலை படித்து, ஹோட்டல் பயிற்சியும் முடித்துச் சான்றிதழோடு வீட்டுக்கு வந்திருக்கிறேன். அடுத்த மாதம் தெற்கில் ஒரு ஹோட்டலில் வேலை. வந்த கிழமையே ஆசையாக வெள்ளைச் சோஸ் விட்டுப் பாஸ்தா செய்தேன். வயலால் வந்த அப்பா இரண்டு வாயோடு எழும்பிவிட்டார். அம்மா, “நல்லாயிருக்கு ராசா” என்று சொல்லிவிட்டு, பிறகு குசினிக்குள் போய்ச் சோறும் சம்பலும் சாப்பிட்டதைக் கண்டேன். தங்கச்சி மட்டும் இன்னொரு நாளைக்குச் செய்யச் சொன்னாள். எனக்கோ அம்மாவின் சாப்பாட்டில் குறைதான் தெரிகிறது. சோறு குழைந்துவிட்டது என்று கோப்பையைத் தள்ளினேன்; அம்மா பேசாமல் எடுத்துத் தன் சோற்றோடு கொட்டிக்கொண்டார். மரவள்ளியை மூடி அவித்தால் விறகு மிச்சம் என்றேன், கேட்கவில்லை. முன்பு இதே சாப்பாட்டை விரும்பித்தானே சாப்பிட்டேன்? படித்ததால் என் நாக்குக் கெட்டுவிட்டதா?

பதில்: தம்பி, முதலில் படிப்பை முடித்ததற்கு வாழ்த்துகள். வன்னியிலிருந்து போய், கொழும்பில் அறை எடுத்து நின்று, விடிய எழும்பி மூட்டை வெங்காயம் வெட்டிப் பழகிச் சான்றிதழ் வாங்குவது லேசான காரியமில்லை. அந்தப் பாஸ்தாவும் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

உங்கள் நாக்குக் கெடவில்லை. ஒன்று கேட்கிறேன். இந்த ஒன்றரை வருடத்தில், பக்கத்தில் ஆட்கள் இருக்க, ஆறுதலாக உட்கார்ந்து எத்தனை நேரம் சாப்பிட்டிருப்பீர்கள்? ஹோட்டல் குசினியில் வேலை செய்கிறவர்கள் சாப்பிடும் விதம் தெரிந்ததுதானே. ஓடர் எல்லாம் முடிந்த பிறகு, நின்றபடி, அகப்பட்டதை விழுங்கிவிட்டு அடுத்த வேலைக்கு ஓடுவார்கள். மற்ற நேரமெல்லாம் கரண்டி நுனியில் தொட்டு உப்புக் காணுமா, புளி கூடிவிட்டதா என்று பார்ப்பதுதான். அது உங்கள் தொழில்; அதற்குத்தான் சம்பளம் தரப்போகிறார்கள். ஆனால் அதே பழக்கத்தோடு வீட்டிலும் சாப்பிட உட்காருகிறீர்கள். அம்மா போட்ட சோற்றைப் பசியோடு பிசைந்து சாப்பிடுவதை விட்டுவிட்டு, பரிசோதித்துக்கொண்டிருக்கிறீர்கள். பிறகு எப்படி ருசிக்கும்?

குழைந்த சோற்றைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். உங்கள் அம்மாவை எனக்குத் தெரியாது. ஆனால் வன்னியில் அந்த வயதுப் பெண்களைத் தெரியும். 2009இல் முள்ளிவாய்க்காலில், அரிசியும் உப்பும் தண்ணீரும் மட்டும் போட்டுக் காய்ச்சிய கஞ்சிக்குப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றவர்கள் அவர்கள். ஒவ்வொரு மே மாதமும் அதே கஞ்சியைக் காய்ச்சிச் சந்திக்குச் சந்தி கொடுக்கிறோமே, அதை ஒரு மிடறு குடித்தாலே அழுதுவிடுகிற தாய்மார் இருக்கிறார்கள். இன்றைக்கும் பானையடியில் ஒரு பிடி சோறு மிஞ்சினால் கொட்ட மாட்டார்கள். தண்ணீர் விட்டு வைத்து, விடியப் பழஞ்சோறாகப் பிசைந்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் கடித்துக்கொண்டு சாப்பிடுவார்கள். சோறு குழைகிறதா, உதிர்கிறதா என்பது அவர்களுக்குப் பெரிய காரியமே இல்லை. பிள்ளை கோப்பையைத் தள்ளியதுதான் சுட்டிருக்கும். இதற்கு இருத்திவைத்து மன்னிப்புக் கேட்டால் அவருக்குத்தான் கூச்சமாகிவிடும். நாளை மத்தியானம் இன்னும் ஒரு அகப்பை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். விளங்கிக்கொள்வார்.

அப்புறம், மரவள்ளி விஷயத்தில் அம்மா செய்ததே சரி. மரவள்ளிக்கிழங்கில் லினமரின் என்றொரு பொருள் உண்டு. கிழங்கை வெட்டும்போது அது உடைந்து ஐதரசன் சயனைட் என்ற நஞ்சு உண்டாகும். அது 26 பாகை செல்சியஸ் அளவிலேயே ஆவியாகிவிடக்கூடியது. சட்டியைத் திறந்து வைத்து அவித்தால் நீராவியோடு வெளியே போய்விடும். அதற்காகத்தான் நம் வீடுகளில் மூடாமல் அவித்து, அவித்த தண்ணீரையும் வடித்து ஊற்றிவிடுகிறார்கள். இரண்டு கொள்ளி விறகை மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல, தம்பி.

சொதி வைக்கும்போதும் பக்கத்தில் நின்று பாருங்கள். வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், மஞ்சள் எல்லாம் இரண்டாம் பாலில் அவிந்த பிறகுதான் முதற்பால் விடுவார்கள். விட்டதும் அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை வெளியே இழுப்பார்கள். ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கவே சட்டியை இறக்கிவிடுவார்கள். தேசிக்காய்ப் புளி அதற்குப் பிறகு. கொதிக்க விட்டால் பால் திரைந்துவிடும். பிரெஞ்சுச் சமையலின் ஐந்து தாய்ச் சோஸ்களில் ஒன்றான ஹொலண்டேஸைச் செய்யும்போது, முட்டை மஞ்சட்கரு திரையாமல் சூட்டைக் காத்திருப்பீர்களே, அதே கவனம்தான் இங்கேயும். நீங்கள் வெப்பமானி வைத்துப் பழகியதை அம்மா கொள்ளியை இழுத்துச் செய்கிறார்.

ஆகவே வேலைக்குப் போகும்வரை அம்மாவுக்குக் கைவேலைக்கு நில்லுங்கள். தேங்காய் திருவுங்கள், வெங்காயம் உரியுங்கள். பிட்டுக்கு மாக் குழைக்கும்போது சுடுதண்ணீர் எந்தப் பதத்தில் நிற்கிறது என்று கவனியுங்கள். திருத்தம் சொல்ல வாய் வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். கேள்வி கேட்கலாம், எவ்வளவு வேண்டுமென்றாலும். இரவில் போனை ஒரு பக்கம் வைத்துவிட்டு, நாலு பேரும் ஒன்றாக இருந்து சாப்பிடுங்கள். வயல் கதை, பள்ளிக்கூடக் கதை எல்லாம் நடக்கட்டும். இதைத் தொடர்ந்து செய்தாலே பசியும் ருசியும் திரும்பி வரும் என்று நம்புகிறேன்.

அப்பா எழும்பிப் போனதற்கு மனவருத்தப்பட வேண்டாம். விடியத்தொடங்கி வயலில் நின்ற மனிதருக்குச் சோற்றுப் பசி. பட்டரும் பாலும் கோதுமை மாவும் சேர்ந்த சோஸ், உறைப்புப் பழகிய நாக்குக்கு இரண்டு வாயில் திகட்டத்தான் செய்யும். அவருக்கு உங்கள் கையால் சமைத்துப் போட ஆசையென்றால் குளத்துத் திலாப்பியா வாங்குங்கள். செதில் எடுத்து, தோலில் ஈரமே இல்லாமல் துணியால் ஒற்றி, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பூசுங்கள். எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு மீனைப் போட்டு, அடிப்பக்கம் மொறுமொறுவென்று தானாகக் கழன்று வரும்வரை தொடாமல் விடுங்கள். படித்த படிப்பு அந்தப் பொறுமையில் தெரியும். கோப்பையில் அலங்காரம் ஒன்றும் வேண்டாம். சோறும் சொதியும் அம்மாவினுடையதாக இருக்கட்டும்.

பாஸ்தாவைத் தங்கச்சிக்குச் செய்துகொடுங்கள், அவள்தான் கேட்டிருக்கிறாளே. பட்டரைக் குறைத்து, இரண்டு செத்தல்மிளகாயை நொறுக்கிப் போட்டால் அம்மாவும் ஒரு பிடி கூடச் சாப்பிடுவார்.